செக்போஸ்ட் தந்த தூக்கம்

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இல் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. நெடுந்தூர வழித்தடமானால் உரிய அனுமதியோடு நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம். 5 மணி நேரம் வேலை பார்த்தவருக்கு அரை மணி ஓய்வு. இது 1939-இன் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருந்ததுதான். ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் 9 மணி நேரம் இடைவெளி. 1988-இன் மோட்டார் வாகனச் சட்டம் தன் 91-ஆம் பிரிவில் இதே கணக்கைத்தான் கைகாட்டியது. எழுத்தில் பார்த்தால் அறுபது ஆண்டுகளில் பெரிதாக எதுவும் மாறவில்லை. மாறியது சாலை.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழிலில் தலை நரைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. சட்டம் சொன்ன நேரம் முடிந்ததென்று வண்டியை ஓரங்கட்டியதாக அவர்களில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் வண்டி நின்றது. இன்று 44 என்கிற நெடுஞ்சாலை அன்று 7. பெரும்பகுதி இருவழிப் பாதை. ரயில்வே கேட்டில் நின்றது. இன்ஜின் சூடேறித் தண்ணீர் ஊற்ற நின்றது. ஸ்பிரிங் பட்டை ஒடிந்தால் அடுத்த ஊர்ப் பட்டறை திறக்கும்வரை நின்றது. எல்லாவற்றையும்விட, மாநில எல்லைச் செக்போஸ்ட்களில் நின்றது. கேரளத்துக்கு லோடு ஏற்றிப் போனவர்களுக்கு வாளையார் என்றாலே வரிசைதான் நினைவுக்கு வரும். பில்லைக் காட்டி, முத்திரை வாங்கி, கேட்டதைக் கொடுத்து வெளியே வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். அதுவரை டிரைவர் வண்டி நிழலில் தார்ப்பாயை விரித்துப் படுத்திருப்பார். முன்வண்டி நகர்ந்தால் கிளீனர் எழுப்புவான்.

அதை ஓய்வு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கொசு, டீசல் புகை, குளிக்க இடமில்லை, காத்திருந்த நேரத்துக்குக் கூலியும் இல்லை. இருந்தும், சட்டம் எழுதி வைத்தும் கொடுக்க முடியாத தூக்கத்தைத் தாமதமும் மாமூலும் சேர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தன.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. சில நாட்களிலேயே பல மாநிலங்கள் வணிகவரிச் செக்போஸ்ட்களை எடுத்தன. வடக்கு-தெற்கு வழித்தடம் அதற்கு முன்பே பெரும்பாலும் நான்கு வழியாகியிருந்தது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாகி, டோல்கேட்டில் சில்லறைக்கு நிற்பதும் போயிற்று. சாலையை அகலப்படுத்த வெட்டிய புளியமரங்களோடு, வண்டியை ஒதுக்கிக் கண்ணயர்ந்த நிழலும் போயிற்று. நாட்டுக்கு இது லாபம்தான், மறுக்க முடியாது. நாள் மிச்சம், டீசல் மிச்சம். மிச்சமான அந்த நேரம் டிரைவர் கைக்கு வரவில்லை. அடுத்த நடைக்குப் போய்விட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல். மணிக்குச் சராசரி 45 என்று வைத்து, 1961-இன் சட்டம் அனுமதித்த உச்ச வரம்பான 10 மணி நேரம் ஓட்டினாலும் ஒருவர் போய்ச் சேர ஐந்து நாளாவது ஆகும். அந்தக் கணக்கில் வாடகை பேசும் புக்கிங் ஆபீஸை நான் பார்த்ததில்லை. இந்த வட்டாரத்தில் பல டிரைவர்களுக்கு வாடகையில் ஒரு பங்குதான் வருமானம். வண்டி நின்றால் அவருக்கும் நஷ்டம். ஓய்வெடுக்கச் சொல்லும் சட்டத்துக்கு எதிராக முதலாளி நிற்க வேண்டியதே இல்லை. கூலி முறையே நிற்கிறது. சட்டத்திலும் ஓர் ஓட்டை. முனையங்களில் சும்மா காத்திருக்கும் நேரத்தில் 15 நிமிடத்துக்குக் குறைந்ததை மட்டுமே அது வேலை நேரத்தில் சேர்த்தது. லோடு ஏற்ற ஒரு பகல் முழுக்கக் காத்துக் கிடந்தவர், சட்டத்தின் பார்வையில் வேலையே செய்யாதவர். அவர் இரவில் வண்டி எடுக்கும்போது அவருடைய 8 மணி நேரம் அப்போதுதான் தொடங்குகிறது.

கேபினுக்குள் வருவோம். மரச் சட்டத்தில் பாடி கட்டிய பழைய வண்டியில் இன்ஜின் சூடு காலைப் பொசுக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள் வலு வேண்டும். இப்போது பவர் ஸ்டீயரிங். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். எந்தத் தலைமுறை டிரைவரும் கேட்டுக் கிடைக்காதது இது.

ஆள்தான் குறைந்துவிட்டது. நேஷனல் பெர்மிட் கனரக வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும், ஒருவர் நீட்டிப் படுக்க இருக்கைக்குப் பின்னால் இடம் வேண்டும் என்று 1989-இன் மத்திய விதிகள் சொல்லின. 2018-இல் இரண்டு டிரைவர் என்ற நிபந்தனை நீங்கியது. கிளீனர் அதற்கு முன்பே அருகிவிட்டான். ஜாக்கி போட்டு, கயிறு கட்டி, சாமத்தில் ஏதாவது பேசி டிரைவரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டு, நாலைந்து வருடத்தில் தானே ஸ்டீயரிங் பிடித்தவன் அவன். டிரைவர் கிடைப்பதில்லை என்று உரிமையாளர்கள் இன்று குறைப்படும்போது, டிரைவர்கள் உருவான அந்த இருக்கை காலியாகிக் கிடப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வடக்கேயிருந்து ஊர் திரும்பும் வண்டிகள் தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்குகின்றன. வீடு இன்னும் சில மணி நேரத்தில். அந்தச் சரிவில் லாரி கட்டுப்பாடு இழந்து முன்னால் போன வண்டிகள்மேல் மோதிய செய்தி அடிக்கடி வரும். பிரேக் பற்றி எழுதியிருப்பார்கள். டிரைவர் கடைசியாக எப்போது படுத்தார் என்பது அதில் இருக்காது.

ஐரோப்பாவில் இது எழுதப்படும். அங்கே லாரிகளில் டேக்கோகிராஃப் என்றொரு கருவி, ஓட்டிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் பதிவு செய்கிறது. முன்பு வட்டக் காகிதத்தில், 2006-லிருந்து புது வண்டிகளில் டிஜிட்டலாக. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிற்க வேண்டும். மீறினால் பதிவே சாட்சி. இந்தியாவிலும் விமானிகளைப் போல லாரி டிரைவர்களுக்கு ஓட்டும் நேரத்தை வரையறுக்க வேண்டும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021-இல் பேசினார். வரையறை 1961-லிருந்தே இருக்கிறது. அளக்கும் கருவிதான் இல்லை.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 1961-இன் சட்டத்தைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. 8 மணி நேரம் அப்படியே இருக்கிறது. பழைய சட்டம் 5 தொழிலாளர் உள்ள நிறுவனத்திலிருந்து பொருந்தியது. புதியது 10 பேரிலிருந்து. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களே மிகுந்த தொழிலில் இது எத்தனை டிரைவர்களை வெளியே விடும் என்று சொல்லத் தேவையில்லை.

அளக்க வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. டோல்கேட் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஃபாஸ்டேக்கில் நேரம் பதிவாகிறது. பல வண்டிகளில் உரிமையாளரே ஜிபிஎஸ் மாட்டியிருக்கிறார். வண்டி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் அவர் கைப்பேசியில் தெரிந்துவிடும். உடனே டிரைவருக்கு போன் வரும்: “ஏம்ப்பா, வண்டி ஏன் நிக்குது?”