ஒலித்தட்டில் தோடி: திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுர வாசிப்பும் பொருள்கோள் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்
78 சுழற்சி ஒலித்தட்டுகளில் பதிவான நாகசுர ஆலாபனையை, எழுதப்பட்ட மூலமுடைய மேலை இசைப் பதிவுகளோடு ஒப்பிட்டு, அதனைச் சான்றாகக் கொள்ளும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நாகசுரம், தோடி, ஒலித்தட்டு, ஆலாபனை, பாரி, பொருள்கோள்.

முன்னுரை
காவிரிப் படுகையின் நாகசுர மரபை ஆராய்வோர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடியைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. அவர் தோடியை மணிக்கணக்கில் வாசித்தார் என்பது கேட்டோர் வழிவந்த செய்தி. ஆயின் இன்றைய ஆய்வாளர் பெரும்பாலும் கேட்பது ஒலித்தட்டில் பதிவான சில நிமிடங்களை மட்டுமே. இந்தச் சில நிமிடங்களை அவரது ‘பாணி’ என எடுத்துக்கொள்ளலாமா என்பதே இங்கு எழும் வினா.

மூலமும் உரையும்
இதனைத் தெளிவுபடுத்த மேலை இசையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உதவும். உருசிய இசையாசிரியர் இராக்மானினாவ் 1901இல் நிறைவு செய்த இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவை, 1929இல் இசுடொகாவ்சுகி நடத்திய பிலடெல்பியா இசைக்குழுவுடன் தாமே பியானோ வாசித்துப் பதிவு செய்தார். படைப்பு நீளமானது, தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடத்தைச் சற்றே தாண்டும். எனவே இசை பல பக்கங்களாக வெட்டுண்டது. பின்வந்த கலைஞர் பலரைவிட அவர் விரைவாக வாசித்திருப்பதையும் கேட்போர் உணரலாம். அவ்விரைவு அவருடைய கருத்தா, தட்டின் நெருக்கடியா என்று வினவ இடமுண்டு. வினவ இயல்வதற்குக் காரணம், இசைக்குறிப்பாகிய மூலம் கையில் இருப்பதே. தம் மூன்றாம் கான்செர்ட்டோவைப் பின்னர் பதிவு செய்தபோது சில பகுதிகளை அவர் விட்டுவிட்டார். எவை விடுபட்டன என்பதை மூலத்தோடு ஒப்பிட்டு எவரும் அறியலாம்.

தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வுறவு புதிதன்று. ஒரே தொல்காப்பிய நூற்பாவுக்கு இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் வேறுபட உரை காணும்போது, நூற்பா நடுவில் நின்று இருவரையும் அளக்கத் துணைசெய்கிறது. கான்செர்ட்டோவை வாசிப்பவர் ஒருவகையில் உரையாசிரியர். ஆலாபனைக்கோ அத்தகைய நூற்பா இல்லை. இராகத்தின் இலக்கணம் உண்டு, குருவழிப் பயிற்சி உண்டு, கீர்த்தனைகள் காட்டும் சாயல் உண்டு; ஆனால் அன்றைய தோடியின் எழுத்துவடிவம் எங்கும் இல்லை. தட்டில் விடுபட்டது எது என்பதைத் தட்டைக் கொண்டு அறிய வழியில்லை. இங்கு உரையே மூலமாகிவிடுகிறது. உ. வே. சாமிநாதையர் பயின்ற திருவாவடுதுறை ஆதீனத்திலேயே இராஜரத்தினம் பிள்ளை ஆதீன வித்துவானாக விளங்கினார். ஏட்டுப் பாடபேதங்களை நோக்கும் கண் உருவான அம்மண்ணின் இசைக்கும் அதே கண் தேவைப்படுகிறது.

வீதியும் தட்டும்
நாகசுரம் திறந்தவெளிக்குரிய கருவி. சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி முழங்கியபின், ஊர்வலம் வீதிகளைச் சுற்றி வருகையில் இராகம் விரியும். அங்கே கால எல்லையை வகுப்பது வீதியின் நீளமும் சுவாமி நிற்கும் இடங்களும், கடிகாரம் அன்று. தோடியின் காந்தாரத்தை அசைத்து நிறுத்துவதற்கும், பஞ்சமத்தை விலக்கிய பிடிகளை வெவ்வேறு தாயிகளில் திரும்பத் திரும்ப வேறுபடுத்திக் காட்டுவதற்கும் இந்த அவகாசம் இன்றியமையாதது.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கமோ ஏறத்தாழ மூன்று நிமிடம். கீழ்த்தாயியில் தங்குதல், ஒரே சுரத்தில் நீண்டு நிற்றல், எட்டிய உச்சியிலிருந்து மெல்ல இறங்குதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சுருங்கியே தீரும். தவிலின் நிலையும் மாறுகிறது. வீதியில் நாகசுரத்துக்குச் சமமாக ஒலிக்கும் தவில், பதிவறையில் ஒலிவாங்கிக்கு எவ்வளவு தொலைவில் வைக்கப்பட்டதோ அவ்வளவே கேட்கும். தட்டில் தவில் அடங்கி ஒலிப்பதைக் கொண்டு ‘அக்காலத் தவில் வாசிப்பு அடக்கமானது’ என்று எழுதுவது பிழையாகும்.

சுருதி அளவீடு
மிகுந்த எச்சரிக்கை வேண்டப்படும் இடம் இதுவே. உயர்ந்த சுருதியுடைய திமிரியிலிருந்து தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுரத்துக்கு மரபு மாறியதில் இராஜரத்தினம் பிள்ளைக்குப் பெரும்பங்கு உண்டு. அவருக்காக அக்கருவியைச் சீர்செய்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. சுத்த மத்திமம் தெளிவாக ஒலிப்பதைப் பாரியின் சிறப்பாகக் கூறுவர்; சுத்த மத்திமம் தோடிக்குரிய சுரமாதலின் கருவிக்கும் இராகத்துக்கும் உள்ள தொடர்பு எளிதில் விளங்கும். எனவே தட்டுகளை அளந்து சுருதி மாற்றத்தின் வரலாற்றை எழுதிவிடலாம் என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் ‘78’ என்ற எண் பெயரளவினது. பழைய தட்டுகள் பல அதற்குச் சற்றுக் கூடவோ குறையவோ உள்ள வேகங்களில் வெட்டப்பட்டன. 78 சுழற்சியில் பதிவான தட்டை 82.6 சுழற்சியில் ஓட்டினால் சுருதி ஒரு சுரத்தானம் உயரும். இரண்டு கட்டை இரண்டரைக் கட்டையாகக் கேட்கும். 200 நொடி வாசிப்பு ஏறத்தாழ 189 நொடியாகும். கமகத்தின் அசைவும் அந்த அளவுக்கு விரைவுபடும். திமிரிக்கும் பாரிக்கும் உள்ள பெரிய இடைவெளியை இப்பிழை மறைக்காது. ஆயின் பாரிக்குள் இரண்டா, இரண்டரையா என்று கேட்பவரை ஏமாற்றிவிடும். ஒத்தும் உடன் உயர்வதால் அதனை ஒப்பிட்டுப் பயனில்லை. சி மைனரில் எழுதப்பட்டது என்ற செய்தி இராக்மானினாவ் பதிவைத் திருத்த உதவுகிறது. நாகசுரத்துக்கு அத்தகைய உதவி கருவியிலிருந்தே வரவேண்டும்: எஞ்சியுள்ள கருவிகளின் உலவு நீளம், துளைகளின் இடைவெளி, பொருந்தும் சீவாளி ஆகியவற்றை அளந்து, அக்கருவி இயல்பாகத் தரும் சுருதியோடு தட்டின் சுருதியைப் பொருத்திப் பார்க்க வேண்டும். இணையத்தில் உலவும் படிகளில் வேகம் எவ்வாறு அமைக்கப்பட்டது என்ற குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. அவற்றிலிருந்து பெற்ற அளவைத் தசமப் புள்ளி வரை அட்டவணையிடுவதால் அது துல்லியமாகிவிடாது.

பதிவு கற்பித்த தோடி
இத்தட்டுகள் ஆய்வாளர்க்கு மட்டும் உரியவை அல்ல. அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயின்றவர்களும் உண்டு. மூன்று நிமிடத்துக்காகச் சுருக்கப்பட்ட பிடிகளின் வரிசை, கேட்போர் காதில் தோடியின் இயல்பான வரிசையாகவே படிந்துவிடக்கூடும். பிற்கால வாசிப்பு தட்டோடு ஒத்திருப்பதைக் கண்டு, இது பழமையான குருவழி மரபு எனத் துணிவது வட்டத்தர்க்கமாகிவிடும். இரண்டுக்கும் ஊற்று அந்தத் தட்டாகவே இருக்கலாம்.

இவ்வட்டத்திலிருந்து வெளியேற, ஒலித்தட்டைவிட நீண்ட அவரது வானொலிப் பதிவுகள் துணைசெய்யும். திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939இல் தொடங்கப்பட்டது. வானொலி மூன்று நிமிட எல்லைக்குக் கட்டுப்பட்டதன்று. ஒரே கலைஞர் ஒரே இராகத்தை இருவேறு கால எல்லைகளுள் வாசித்ததைப் பக்கம்பக்கமாக வைத்து, இரண்டிலும் நிலைத்து நிற்கும் பிடிகள் எவை, நீண்டதில் மட்டும் தோன்றுபவை எவை என்று பிரித்தறிய வேண்டும். முன்னவற்றையே அவரது பாணிக்குச் சான்றாக முதலில் முன்வைக்கலாம். பின்னவற்றுக்கு, அவரோடு வாசித்தோரின் வழிவந்தவர்களிடம் இன்னும் நினைவில் உள்ள வாய்மொழிச் செய்திகளையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். அவர்களுள் மூத்தோர் இப்போது மிகச் சிலரே.