மலைக்குத் திரும்ப வேண்டிய பங்கு

கொழும்பிலிருந்து மலையேறி வரும் பெருவீதி பெரகலையில் இரண்டாகக் கிளைக்கின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைத் திசை செல்ல, மற்றது கொஸ்லந்தை வழியே வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. இச்சந்தியிற் சிறிது நேரம் நின்றால், ஊவாத் தோட்டங்களின் வரவுசெலவைக் கண்ணாலே காணலாம். தேயிலை ஏற்றிய லொறிகள் கீழே இறங்கும்; பசளை மூடைகளை ஏற்றியவை மேலே வரும்.

தேயிலையோடு மண்ணின் சத்தும் கப்பலேறுகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயிரம் கிலோகிராம் தேயிலையில் ஏறத்தாழ 40 கிலோகிராம் நைதரசன் அடங்கியுள்ளது. அதனை மண்ணுக்குத் திருப்பிக் கொடாவிடிற் செடி இளைத்துவிடும்.

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, சேதனப் பசளைக்கு மாறுமாறு பணித்தது. கழிவை மண்ணுக்கே மீட்டல் என்னும் கொள்கையிற் குற்றமில்லை. நம் பாட்டன்மார் வீட்டுக் குப்பைமேட்டைச் செல்வமென்றே மதித்தனர். பிழை கணக்கிலேதான். மேற்சொன்ன 40 கிலோகிராமை யூரியாவாக இட, ஐம்பது கிலோகிராம் மூடை இரண்டு போதும். கூட்டெருவிலோ நைதரசன் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே. ஆகவே இரண்டாயிரம் முதல் நாலாயிரம் கிலோகிராம் வேண்டும். அத்தனைக்கும் சாணமும் தழையும் எங்கே? செங்குத்தான சரிவிலே அதனைச் சுமப்பவர் யார்? ஆணை பிறப்பித்தவர்கள் இவ்வினாக்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அவ்வாண்டு நவம்பரிலே தடை நீங்கிற்று. ஆயினும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் பசளை விலை எட்டாக்கனியாயிற்று. 2021இல் சுமார் 30 கோடி கிலோகிராமாயிருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடியாகச் சுருங்கியது. கொழுந்து குறைந்தால் முதலிற் குறைவது கூலியே. குறித்த நிறை எடுக்காதவளுக்கு ‘அரைப்பேர்’ போடும் வழக்கத்தைத் தோட்டத்தார் நன்கறிவர்.

சுழற்சிக்கு வழியே இல்லையா? உண்டு. கவ்வாத்து வெட்டிய மிலாறு மலையிலேயே கிடந்து மக்கினால் சத்து மண்ணுக்கு மீளும். நிழலுக்கு நட்ட முள்முருங்கையின் தழையும் அவ்வாறே. ஆனால் அம்மிலாறுதான் லயத்து அடுப்புக்கு விறகு! கட்டுக்கட்டாகத் தலையிற் சுமந்து இறங்கும் பெண்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்குச் சோறு வேகாமல் மண்ணுக்கு ஊட்டுவது எங்ஙனம்?

மிலாறை மலையில் விடச் சொல்லும் நிர்வாகம் முதலில் லயங்களுக்கு வேறு விறகு அனுப்பட்டும். மலைக்குச் சுமந்த கூட்டெருவையும் கொழுந்தைப் போலவே தராசில் நிறுத்துக் கூலி அளக்கட்டும்.