பழைய பிக்-அப் லாரிகளில் ஸ்டார்ட்டர் பினியன் சிக்கிக்கொள்ளுதலும் அதற்குரிய பரிகாரமும்

விளைபொருளை உரிய காலத்தில் சந்தைக்குக் கொண்டு போகாவிடில் வருஷம் முழுதும் பட்ட பாடு வீணாகும் என்பதைக் குடியானவர்கள் யாவரும் அறிவர். அறுவடை சமயத்தில் பாரம் ஏற்றி நிற்கும் வண்டி கிளம்பாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரு சிறு பல்சக்கரமே காரணமாக இருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பண்ணைகளில் உழைத்த பழைய பிக்-அப் லாரிகளில் இக்குறை மிகச் சாதாரணம். அவ்வண்டிகளைப் போற்றி வைத்திருப்போர் அனுசரிக்கும் முறைகள், அதே அமைப்புள்ள பழைய மோட்டார் வண்டி எதை வைத்திருப்போருக்கும் பிரயோஜனப்படும்.

சுருக்கமான வரலாறு

போர்டு கம்பெனியார் 1925-ம் வருஷத்தில் தங்கள் மாடல் டி வண்டியின் பின்புறத்தில் சிறு பெட்டியொன்று அமைத்து, 281 டாலர் விலைக்குப் பிக்-அப் என்ற பெயரால் விற்றனர். அதன் பின் 1928 முதல் 1931 வரையிலான மாடல் ஏ பிக்-அப்கள் பண்ணைகளில் மிகுதியாகப் பரவின. மோட்டார் வண்டிகளை ஆதியில் கைப்பிடியால் சுற்றியே கிளப்பி வந்தார்கள். சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் வருஷத்துக் காடிலாக் வண்டிகளில் பொருத்தப்பட்டது. வின்சென்ட் பெண்டிக்ஸ் என்பவர் கண்டுபிடித்த இணைப்பு 1914-ல் ஷெவர்லே வண்டியில் இடம் பெற்று, பிறகு பல கம்பெனிகளாலும் கையாளப்பட்டது. இக்கட்டுரையில் பேசப்படுவது இந்தப் பெண்டிக்ஸ் இணைப்பே.

வேலை செய்யும் விதம்

ஸ்டார்ட்டர் மோட்டாரின் தண்டில் திருகுமறை வெட்டிய ஓர் உறை உண்டு. பினியன் என்னும் சிறு பல்சக்கரம் அம்மறையின் மேல் தளர்ச்சியாக ஏறியிருக்கும். அதன் ஒரு பக்கத்தில் எடைக்கட்டி ஒன்று அமைந்துள்ளது. காலால் மிதியை அழுத்தியதும் தண்டு சட்டென்று சுழலும். பினியனோ தன் கனத்தினால் உடனே சுழலாது பின்தங்கும். ஆகவே அது மறையின் வழியே நகர்ந்து சென்று பிளைவீலின் பல்வளையத்தில் கோத்துக்கொள்ளும். அப்போது உண்டாகும் அதிர்ச்சியைக் கனத்த ஸ்பிரிங் ஒன்று தாங்கிக்கொள்கிறது. எஞ்சின் கிளம்பியதும் பல்வளையம் பினியனைத் தண்டைவிட வேகமாகச் சுழற்றும். உடனே பினியன் மறையின் வழியே திரும்பிப் பழைய இடத்தை அடையும். பினியன் தடையின்றிப் போய்வருவதே இதன் உயிர்நிலை.

குறையை அறியும் விதம்

மிதியை அழுத்தியபோது விளக்குகள் மங்கி, "டக்" என்ற ஓசையோடு எல்லாம் நின்றுவிட்டால், பினியன் பல்வளையத்தில் சிக்கியிருக்கக் கூடும். ஆனால் பாட்டரி பலங்குறைந்திருந்தாலும், கேபிள் முனைகள் பாசம் பிடித்திருந்தாலும் இதே அடையாளம் தோன்றுமாகையால் அவற்றை முதலில் பார்த்தல் வேண்டும். மோட்டார் மட்டும் ரீங்காரத்துடன் சுழன்று எஞ்சின் அசையாவிடில், பினியன் அழுக்கினால் மறையிலேயே ஒட்டிக்கொண்டது என்றாவது, ஸ்பிரிங் முறிந்தது என்றாவது கொள்ளலாம். கறகறவென்ற ஓசை கேட்டால் பற்கள் தேய்ந்துள்ளன. எஞ்சின் கிளம்பிய பிறகும் கூச்சல் நிற்காவிட்டால் பினியன் திரும்பவில்லை என்று அறிந்து எஞ்சினைத் தாமதமின்றி நிறுத்துக. இல்லாவிடில் மோட்டாரே பாழாகும்.

காரணங்கள்

மாடல் ஏ எஞ்சினில் பின்பக்க மெயின் பேரிங்கிலிருந்து எண்ணெய் சிறிது கசிவதுண்டு. அந்த எண்ணெயுடன் கிளட்ச்சின் தூளும் பாதைப் புழுதியும் கலந்து பசைபோல் மறையில் படிகின்றன. கெட்டியான கிரீஸைத் தடவுவோர் இத்தீங்கைத் தாமே வருவித்துக்கொள்கின்றனர். குளிர்காலத்தில் அது மேலும் இறுகும். ஸ்டார்ட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்வதும், தண்டு வளைவதும், பற்களின் முனை மழுங்கிப் பிசிறு விடுவதும் மற்றக் காரணங்களாம். மாடல் ஏ வண்டியில் ஸ்டியரிங் சக்கரத்தின் இடப்புற நெம்புகோலை மேலே தூக்கி, தீப்பொறி தாமதித்து விழும்படி வைத்தே கிளப்ப வேண்டும். இதை மறந்தால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். ஸ்பிரிங்கும் அதன் போல்ட்டும் முறியும்.

சிக்கியதை விடுவித்தல்

முதலாவதாக இக்னிஷன் சாவியை அணைத்து விடுக. இதை மறந்தால் தள்ளும்போது எஞ்சின் கிளம்பி, வண்டி முன் நிற்பவர் மேல் ஏறக்கூடும். வண்டி சமதளத்தில் இருக்க வேண்டும்; சரிவான இடத்தில் இதைச் செய்யலாகாது. மூன்றாவது கியரில் போட்டு, கைப்பிரேக்கைத் தளர்த்தி, ஒருவர் பிரேக்கினருகில் அமர்ந்திருக்க, மற்றொருவர் பக்கவாட்டில் நின்று வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுக. "கிளிக்" என்ற ஓசையோடு பினியன் விடுபடுவதைப் பெரும்பாலும் கேட்கலாம்.

விடுபடாவிடில் பலாத்காரம் வேண்டாம். பாட்டரியின் பூமிக் கேபிளை முதலில் கழற்றுக. மாடல் ஏ வண்டியில் பாசிட்டிவ் முனையே சட்டத்தோடு இணைந்துள்ளது என்பதை நினைவில் வைக்க. பாட்டரியினருகில் பீடி, சுருட்டு, விளக்கு எதுவும் கூடாது. அதிலிருந்து எழும் வாயு தீப்பற்றும். பின்னர் ஸ்டார்ட்டரின் மூன்று போல்ட்டுகளையும் சில சுற்றுகள் தளர்த்தினால் மோட்டார் சிறிது பின்வாங்கி, பினியன் தானே விட்டுக்கொடுக்கும். முழுதும் கழற்றும்போது அதன் கனத்தைக் கையாலோ மரக்கட்டையாலோ தாங்குதல் அவசியம்.

சுத்தம் செய்தல்

ஒரு முறை சிக்கிய பினியனை அப்படியே விட்டுவிட்டால் மறுமுறையும் சிக்கும். ஆகவே பெண்டிக்ஸ் பகுதியை மண்ணெண்ணெயில் பிரஷினால் கழுவி, நன்றாக உலர்த்துக. மண்ணெண்ணெய் மோட்டாரின் உட்சுருள்களில் இறங்காதபடி பார்க்க வேண்டும். பினியனை விரலால் சுழற்றினால் அது மறையின் கோடிவரை சென்று தங்குதடையின்றித் திரும்ப வேண்டும். மறையில் இலேசான எண்ணெய் ஒரு துளி போதும். பிசிறுகளை மெல்லிய அரத்தால் எடுக்கலாம். பல் உடைந்திருந்தால் புதிய பினியனே வேண்டும்.

ஸ்டார்ட்டரைக் கழற்றிய துவாரத்தின் வழியே பல்வளையத்தையும் சோதிக்க. கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினைக் கைப்பிடியால் சிறிது சிறிதாகத் திருப்பிச் சுற்று முழுவதையும் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் இரண்டே நிலைகளில் நிற்பதால், எதிரெதிரான அவ்விரண்டு இடங்களில்தான் பற்கள் அதிகமாகத் தேயும். அங்கே தேய்வு மிகுந்தால் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு வளையத்தை மாற்றுவதே சிக்கனம். மீண்டும் பொருத்தும்போது போல்ட்டுகளுக்குப் பூட்டு வாஷர்கள் இட்டு ஒரேசீராக முறுக்குக. பூமிக் கேபிளைக் கடைசியில் மாட்டுக.

எப்போதும் கவனிக்க வேண்டியவை

1. இவ்வண்டிகள் 6 வோல்ட்டில் ஓடுபவை. மெல்லிய கேபிள்களில் மின்சக்தி வீணாகும். கனத்த கேபிள்களே தகும்.

2. பழைய 6 வோல்ட் ஸ்டார்ட்டருக்கு 12 வோல்ட் பாட்டரி இணைப்போர் உண்டு. எஞ்சின் வேகமாகக் கிளம்பினும் பினியன் பலமாக மோதிப் பற்களையும் ஸ்பிரிங்கையும் உடைக்கும்.

3. எஞ்சின் ஓடும்போதும், நிற்கப் போகும் தறுவாயிலும் மிதியை அழுத்தலாகாது. முதல் முயற்சி பலிக்காவிடில், எல்லாம் அசைவற்று நின்ற பின்னரே மறுபடி முயல்க.

4. ஸ்டார்ட்டர் பழுதுற்றுக் கைப்பிடியால் கிளப்ப நேர்ந்தால், தீப்பொறி நெம்புகோலை மேலே தூக்கி வைத்து, கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமாகவே வைத்துக் கைப்பிடியைக் கீழிருந்து மேல்நோக்கி இழுக்க வேண்டும். அழுத்திச் சுற்றியவர் பலர் மணிக்கட்டு முறிந்து வருந்தியதுண்டு. பினியன் சிக்கியிருக்கையில் கைப்பிடியைப் பலவந்தமாகச் சுற்றவே கூடாது.

அறுவடைக்கு ஒரு மாதம் முன்பாக ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கழுவிவைக்க ஒரு பிற்பகல் போதும். வேண்டியவை ஒரு ஸ்பானர், ஒரு பிரஷ், ஒரு படி மண்ணெண்ணெய் ஆகியவையே. அதைச் செய்யாதவர், களத்தில் மூட்டைகள் அடுக்கியிருக்க, மழை மேகம் சூழ்ந்து வருகையில், அதே வேலையைப் பதற்றத்தோடு செய்ய வேண்டிவரும். கலப்பைக் கொழுவை உழவுக்கு முன்னரே தீட்டிவைக்கும் குடியானவருக்கு இதன் அவசியத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.