“கேப்டன் யாருடா?” எட்டு நண்பர்கள், ஒரு கேட்டமரான், செஷல்ஸ் கடல்!

கோவாவா, மாலத்தீவா என்று வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு மாதம் இழுபறி நடக்கும். திடீரென்று ஒருவர் ஒரு போட்டோவைப் போடுவார். பச்சையும் நீலமும் கலந்த கடல், யானைகள் படுத்திருப்பது போன்ற கிரானைட் பாறைகள், நடுவில் வெள்ளை வெளேரென ஒரு பாய்மரப் படகு. “ஹோட்டலே வேணாம்டா, படகையே வாடகைக்கு எடுத்துடலாம். எட்டுப் பேர் ஷேர் பண்ணா சமாளிச்சிடலாம்!”

அத்தனை பேரும் கட்டைவிரலைத் தூக்கிவிடுவார்கள். முக்கியமான கேள்வியை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். படகை ஓட்டப்போவது யார்?

இந்தியப் பெருங்கடலில், பூமத்தியரேகைக்குச் சற்றுத் தெற்கே 115 தீவுகள் கொண்ட நாடு செஷல்ஸ். விசா தேவையில்லை, கிளம்பும் முன் ஆன்லைனில் பயண அனுமதி மட்டும் வாங்க வேண்டும். பெரிய தீவான மாஹேயில் படகு ஏறி, பிராலின், க்யூரியஸ், லா டீக் என்று ஒரு வாரம் சுற்றிவிட்டுத் திரும்புவதுதான் வழக்கமான ரூட்.

கேட்டமரான் என்ற சொல் நம்முடைய ‘கட்டுமரம்’தான். 1697-ல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஆனால், இன்றைய இரட்டை உடல் படகுக்கும் மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய நம் கட்டுமரத்துக்கும் உறவு பெயரோடு சரி. பசிபிக் தீவுக்காரர்களின் இரட்டைப் படகுதான் இதற்கு நெருங்கிய சொந்தம்.

வாடகையில் இரண்டு வகை உண்டு. கேப்டனோடு எடுக்கலாம். அப்போது அவருக்கும் ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு நம் பொறுப்பு. இன்னொன்று, படகை மட்டும் எடுப்பது. இதற்குக் குழுவில் ஒருவராவது பாய்மரப் படகு ஓட்டப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். சான்றிதழையோ அனுபவப் பட்டியலையோ கம்பெனி கேட்கும். பத்து வருடம் முன்பு கொடைக்கானல் ஏரியில் பெடல் போட் ஓட்டிய அனுபவம் செல்லாது!

கேப்டன் நண்பர்களில் ஒருவர் என்றால்தான் சிக்கலே. கல்லூரியில் அவரைக் கலாய்த்தே பழகியவர்கள் மீதி ஏழு பேர். அவர் “கிளம்பணும்” என்றால், “இன்னும் ஒரு மணி நேரம்டா” என்பார்கள். கடலில் அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை உண்டு. இங்கே வருடம் முழுவதும் மாலை ஆறரை மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். அதற்குள் நங்கூரம் போட்டுவிட வேண்டும், இரவில் ஓட்டக் கூடாது என்பது இதுபோன்ற வாடகைப் படகுகளுக்கு வழக்கமான நிபந்தனை. அதற்குக் காரணம், தண்ணீருக்கடியில் இருக்கும் பவளப்பாறையும் கிரானைட்டும். சூரியன் உச்சியில் இருந்தால் அவை பழுப்பாகத் தெரியும். சாய்ந்துவிட்டால் கடல் முழுக்க ஒரே வெள்ளிப் பளபளப்பு, எது ஆழம் எது பாறை என்றே தெரியாது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. ஒற்றை உடல் பாய்மரப் படகு காற்று பலமானால் சாயும். பயணிகள் பயப்படுவார்கள், உடனே பாயைக் குறைப்பார்கள். கேட்டமரான் அப்படிச் சாயாது. டேபிளில் வைத்த டீ கப்கூட அசையாமல் இருக்கும். “எவ்வளவு ஸ்மூத்!” என்று நண்பர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும் போதே, பாய்மரத்தின் மீது அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். கவிழ்ந்தால் தானாக நிமிரவும் செய்யாது. அதனால், காற்று இத்தனை நாட் வேகத்தைத் தொட்டால் பாயைச் சுருக்க வேண்டும் என்று படகின் கையேட்டிலேயே கணக்கு இருக்கும். ‘நல்லாத்தானே போகுது’ என்று எட்டுப் பேர் ஓட்டுப் போட்டு முடிவெடுக்கும் விஷயம் இல்லை அது.

டெபாசிட்டும் அப்படித்தான். வாடகையை எட்டாகப் பிரிப்பார்கள். ஆனால் டெபாசிட் பெரும்பாலும் ஒருவருடைய கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைக்கப்படும். பாறையில் உரசினால் அவர் பணம் போகும். ‘நீதானே ஓட்டினே’ என்பதா, ‘எட்டாப் பிரிச்சுக்கலாம்’ என்பதா? இதை ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் முன்பே பேசி, குரூப்பில் எழுதிவைத்துவிடுவது நட்புக்கு நல்லது.

அடுத்த சண்டை தண்ணீருக்கு. டேங்க் 700 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேரும் வீட்டைப்போல ஆளுக்கு இரண்டு வாளி ஊற்றினால் ஒரு நாளைக்கே 240 லிட்டர். மூன்றாம் நாள் ராத்திரி பைப் காற்று விடும். கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின் உள்ள படகென்றால் பிரச்னை குறைவு. இல்லையென்றால் கடலில் குளித்து, படகின் பின்படியில் நல்ல தண்ணீரில் ஓர் அலசு, அவ்வளவுதான். டாய்லெட்டில் பேப்பர் போட்டால் அடைத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம்மூர் பழக்கம் கை கொடுக்கும்!

எப்போது போவது? மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பலமாக வீசும், கடல் குலுக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று, மழையும் உண்டு. காற்று திசை மாறும் ஏப்ரலும் அக்டோபரும்தான் புதியவர்களுக்கு ஏற்றவை. பிராலினின் புகழ்பெற்ற ஆன்ஸ் லாசியோ கடற்கரை வடமேற்கைப் பார்த்திருப்பதால், அந்தக் காற்றுக் காலத்தில் அங்கே நங்கூரம் போட்டுத் தூங்குவது தொட்டில் சுகமாக இருக்காது. மாஹேயிலிருந்து பிராலினுக்குச் சுமார் 45 கிலோமீட்டர் திறந்த கடல். வாந்தி மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை.

தாண்டிவிட்டால் பட்ட பாடெல்லாம் மறந்துபோகும். க்யூரியஸ் தீவில் ராட்சத ஆமைகள் வழியை மறித்துக்கொண்டு புல் மேயும். ஒருகாலத்தில் தொழுநோயாளிகளை ஒதுக்கிவைத்த தீவு அது. டாக்டரின் வீடு இன்னும் நிற்கிறது. பிராலினில் 1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் வாலே டி மே காட்டில், உலகத்திலேயே பெரிய விதையான இரட்டைத் தேங்காயைப் பார்க்கலாம். லா டீக்கில் சைக்கிள்தான் ராஜா.

மளிகை வாங்கத் தலைநகர் விக்டோரியா போகும்போது நவசக்தி விநாயகர் கோயிலுக்கும் ஒரு நடை போய்விடலாம். நம்மவர்கள் 1992-ல் கட்டியது, கோபுரம் தூரத்திலேயே தெரியும்.

கடைசி இரவு மாஹே பக்கத்திலேயே தங்க வேண்டும். காலையில் ஆள் வந்து அடிப்பகுதியைச் சோதித்த பிறகுதான் டெபாசிட் விடுதலை. அதுவரை எல்லாரும் கேப்டனை மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். அவர் கையெழுத்துப் போட்டு இறங்கியதும், மிச்சமிருக்கும் இரண்டு கிலோ வெங்காயத்தை அவர் தலையில் கட்டுவது யார் என்ற பஞ்சாயத்து ஆரம்பிக்கும்.