பூங்குழலி ராணி ஆகவில்லையே!

கதையின் கடைசிக் கட்டத்தை மாற்றினால் மக்களுக்கு ஏன் கோபம் வருகிறது? ராயபுரம் முதல் லண்டன் வரை எல்லா ஊர்களிலும் நடக்கும் வழக்கு இது!

2023-ம் ஆண்டு மே மாதம். கோடை விடுமுறை. திருவொற்றியூரில் ஒரு சினிமா தியேட்டர். மாலைக் காட்சி முடிந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வருகிறார்கள்.

கூட்டத்தின் நடுவே ஒரு ஆயா. வயது எண்பதை நெருங்குகிறது. ராயபுரத்தில் பிறந்தவர், காசிமேட்டில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய கையைப் பிடித்தபடி ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி.

"படம் நல்லா இருந்துச்சா, ஆயா?" என்று கேட்டாள் பேத்தி.

ஆயா உடனே பதில் சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, கண்ணு. ஆனா பூங்குழலி ராணி ஆகலையே!"

பேத்திக்கு ஒன்றும் புரியவில்லை. "பூங்குழலியா? அது படகு ஓட்டுற பொண்ணாச்சே! அது எப்படி ராணி ஆகும்?"

"ஆச்சு! எங்கப்பா படிச்சாரு. நான் கேட்டேன்."

இது ஒரு வீட்டுப் பேச்சு அல்ல. அந்தக் கோடையில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சுத்தான்! 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ந் தேதி வெளிவந்தது. படத்தைப் பார்த்துப் பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் கதையை முன்பே படித்தவர்களில் பலர், "கடைசியில் இப்படி மாற்றிவிட்டார்களே!" என்று குறைப்பட்டார்கள்.

மூன்றரை ஆண்டுக் காத்திருப்பு

அந்தக் குறை எங்கிருந்து வந்தது? அதைத் தெரிந்துகொள்ள எழுபது ஆண்டுகள் பின்னால் போகவேண்டும்.

'கல்கி' வாரப் பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கிய நாள் 1950 அக்டோபர் 29. முடிந்த நாள் 1954 மே 16. மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வாரந்தோறும் வந்தது அந்தக் கதை. எழுதியவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. படம் வரைந்தவர் ஓவியர் மணியம்.

அந்த நாளில் வீட்டுக்கு ஒரு பத்திரிகை வாங்க எல்லோருக்கும் வசதி கிடையாது. வாங்கினாலும் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே, ஒருவர் படிப்பார். சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்பார்கள்.

நம்முடைய ஆயாவும் அப்படிக் கேட்டவர்தான். அவருடைய தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை பார்த்தார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வாசலில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கேட்பார்கள். வந்தியத்தேவன் ஆபத்தில் மாட்டிக்கொள்ளும் இடத்தில் 'தொடரும்' என்று வந்துவிடும். அப்புறம் ஒரு வாரம் தூக்கம் வராது!

அந்தப் பெண்களுக்கு மிகவும் பிடித்தவள் குந்தவையும் அல்ல, நந்தினியும் அல்ல. பூங்குழலிதான்! அவள் கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள். நடுக்கடலில் தன்னந்தனியாகப் படகு விடுகிறவள். வந்தியத்தேவனை இலங்கைக்கு அழைத்துப் போனவள் அவள். புயலில் சிக்கிய இளவரசர் அருள்மொழிவர்மரைக் காப்பாற்றியவளும் அவளே.

கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அவள் கதையில் வரும் பெண்ணாகத் தோன்றவில்லை. பக்கத்துத் தெருப் பெண்ணாகவே தோன்றினாள்.

எதை மாற்றினார்கள்?

கல்கியின் கதையில் கடைசியில் ஒரு பெரிய ரகசியம் வெளிப்படுகிறது.

செம்பியன் மாதேவி என்ற சோழ அரசிக்குப் பிறந்த குழந்தை இறந்துவிட்டதாக எண்ணி, வேறொரு குழந்தையை அந்த இடத்தில் வைத்துவிடுகிறார்கள். அப்படி மாறி வந்த குழந்தைதான் மதுராந்தகன். ஆனால் உண்மையான குழந்தை சாகவில்லை! ஊமைத்தாய் ஒருத்தியிடம் வளர்கிறது. தஞ்சாவூர்க் கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுக்கும் சேந்தன் அமுதனாக ஆகிறது.

அந்தச் சேந்தன் அமுதனைத்தான் பூங்குழலி மணந்துகொள்கிறாள். பட்டாபிஷேக நாள் வருகிறது. கிரீடம் தனக்குத்தான் என்று ஊரே நினைத்திருக்க, அருள்மொழிவர்மர் அதைச் சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறார். பூக்காரன் உத்தம சோழன் ஆகிறான். படகுக்காரி பட்டத்து அரசி ஆகிறாள்!

படத்தில் இந்தக் குழந்தை மாறிய கதை இல்லை. மதுராந்தகனே உத்தம சோழன் ஆகிறான். சேந்தன் அமுதன் சில காட்சிகளில் வந்து போகிறான். பூங்குழலிக்கு மாலையும் இல்லை, மகுடமும் இல்லை. வந்தியத்தேவன் மேல் உயிரையே வைத்திருந்த மணிமேகலை படத்திலேயே இல்லை.

இதில் டைரக்டர் மணிரத்னத்தின் பக்கமும் நியாயம் உண்டு. கதையோ ஐந்து பாகம். படமோ இரண்டே பாகம். இரண்டையும் சேர்த்தால் சுமார் ஐந்தரை மணி நேரம். எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். எம்.ஜி.ஆர். 1958-ல் இந்தக் கதையைப் படமாக்க முயன்றார், அது கைகூடவில்லை. பிறகும் பலர் நினைத்தார்கள், முடியவில்லை. அப்படிப்பட்ட கதை கடைசியில் திரைக்கு வந்ததே பெரிய காரியம்தான்.

சரித்திரத்துக்கும் பங்கம் இல்லை. ராஜராஜன் 985-ல் அரசன் ஆனான். அவனுக்கு முன்னே உத்தம சோழன் ஆண்டான். இது கல்வெட்டு சொல்லும் உண்மை. குழந்தை மாறியது கல்கியின் கற்பனை.

அப்படியானால், கற்பனையில் ஒரு துண்டை எடுத்துவிட்டதற்கு இத்தனை கோபம் ஏன்?

செத்துப் பிழைத்த துப்பறிவாளர்

இந்தக் கோபம் தமிழர்களுக்கு மட்டும் உரியது அல்ல.

ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளரின் கதைகளை இங்கிலாந்தில் கானன் டாயில் எழுதி வந்தார். எழுதி எழுதி அவருக்கே அலுத்துவிட்டது. 1893 டிசம்பரில் ஹோம்ஸ் அருவியில் விழுந்து இறந்ததாக எழுதிவிட்டார்.

வாசகர்கள் கொதித்துப் போனார்கள். கதையை வெளியிட்ட பத்திரிகையின் சந்தாவை இருபதாயிரம் பேர் நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். ஆசிரியர் பத்து ஆண்டுகள் தாக்குப் பிடித்தார். 1903-ல் வேறு வழியில்லாமல், "ஹோம்ஸ் சாகவே இல்லை" என்று எழுதினார்!

நீலப் பெட்டியில் ஒரு டாக்டர்

அதே இங்கிலாந்தில் இன்னொரு விந்தை. 'டாக்டர் ஹூ' என்ற விஞ்ஞானக் கதை. 1963 நவம்பர் 23-ந் தேதி பி.பி.சி. டெலிவிஷனில் தொடங்கியது. 1989-ல் நின்றது. 2005-ல் மறுபடி உயிர் பெற்றது.

வேறு கிரகத்திலிருந்து வந்த ஒருவர் நீலநிறப் பெட்டிக்குள் ஏறுவார். நேற்றைக்கும் போவார், நாளைக்கும் போவார். சாகும் தறுவாயில் உடம்பு மாறிப் புது ஆளாகிவிடுவார். ஆகவே நடிகர் மாறினாலும் கதை நிற்காது. நம் ஊர் டெலிவிஷன் தொடரில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று போடுகிறார்களே, அதற்கு அந்தக் கதையில் காரணமே வைத்துவிட்டார்கள்!

ஆனால் 2020 மார்ச் 1-ந் தேதி ஒளிபரப்பான பகுதியில் ஒரு மாற்றம் வந்தது. அந்த டாக்டர் அந்தக் கிரகத்தில் பிறந்தவரே அல்ல; எங்கிருந்தோ வந்து, அங்கே வளர்க்கப்பட்ட குழந்தை என்று காட்டினார்கள். முதலாவது டாக்டர் என்று எல்லோரும் நம்பியவருக்கு முன்பே பல டாக்டர்கள் இருந்தார்களாம்!

ரசிகர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். "புதுமை, நல்லதுதான்" என்றது ஒரு கட்சி. "ஐம்பத்தாறு ஆண்டுகளாக நாங்கள் நம்பியது பொய்யா?" என்று கேட்டது மற்றொரு கட்சி. சின்ன வயதில் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தவர்கள், தாங்களே தாத்தா ஆகிவிட்ட பிறகு கேட்ட கேள்வி அது!

ஆயா கேட்டதும் அதே கேள்விதான். அவர் தன் அப்பா வாயால் கேட்ட கதை அல்லவா?

மகிழ மரத்தடியில் ஒரு சத்தியம்

ஆயாவும் பேத்தியும் ஏறிய பஸ் திருவொற்றியூர்த் தேரடியைத் தாண்டுகிறது. அங்கேதான் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

தியாகராஜர் கோயில் கதை இந்தப் பக்கத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். ஞாயிறு என்னும் ஊரில் பிறந்த சங்கிலியார், திருவொற்றியூர்க் கோயிலில் பூத்தொண்டு செய்துவந்தார். சுந்தரர் அவரை மணக்க விரும்பினார். "உன்னைப் பிரியமாட்டேன்" என்று சத்தியம் செய்யவும் சம்மதித்தார்.

சுந்தரர் சாமர்த்தியசாலி. சன்னதியில் சத்தியம் செய்தால் அதை மீற முடியாது. எனவே, "அந்த நேரத்தில் நீர் கோயிலை விட்டு மகிழ மரத்தில் போய் இரும்" என்று இறைவனிடம் முன்கூட்டியே வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியார் பக்கமும் பேசினார். "மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்" என்று சொல்லிவிட்டார்!

மகிழ மரத்தடியில் சத்தியம் நடந்தது. பின்னால் சுந்தரர் திருவாரூர் நினைப்பில் ஊரின் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்களிலும் பார்வை போயிற்று என்கிறது பெரிய புராணம். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இன்றும் அந்தச் சம்பவத்தைக் கொண்டாடுகிறார்கள்.

கதை சொல்வதும் ஒருவகைச் சத்தியந்தான். "இவளைக் கவனி, இவனைக் கவனி. இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லுவேன்" என்று கதை சொல்கிறவர் வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கை நம்பித்தான் ஜனங்கள் வாரக்கணக்கில், வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

சோகமாக முடிந்தால் அழுவார்கள், மன்னித்துவிடுவார்கள். எதிர்பாராத விதமாக முடிந்தால் திகைப்பார்கள், அதையும் மன்னித்துவிடுவார்கள். ஆனால், "நீ காத்திருந்தது ஒரு பொருட்டல்ல" என்பதுபோல் முடிந்தால் மட்டும் மனசு ஆறுவதில்லை.

கல்கிக்கும் வந்த புகார்

இதில் ஒரு வேடிக்கை. இன்றைக்கு எல்லோரும் "கல்கி எழுதியதை மாற்றலாமா?" என்று கேட்கிறார்கள். அன்றைக்குக் கல்கியின் மேலேயே புகார் வந்தது!

கதை மணிமேகலையின் மரணத்தோடு முடிந்தது. வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் ஆயிற்றா? அருள்மொழிவர்மர் எப்போது அரசர் ஆனார்? எதுவும் கதைக்குள் வரவில்லை. "திடீரென்று முடித்துவிட்டீர்களே!" என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள்.

கல்கி கோபித்துக்கொள்ளவில்லை. முடிவுரை ஒன்று எழுதினார். வாசகர்களின் கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, யார் யாருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பதில் சொன்னார். தாம் ஏன் அந்த இடத்தில் நிறுத்தினார் என்பதையும் விளக்கினார். அந்த முடிவுரை இன்றும் ஐந்தாம் பாகத்தின் கடைசியில் இருக்கிறது.

அதே ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி கல்கி காலமானார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா' பாதியில் நின்றது. அவருடைய மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். தகப்பனார் வாசகர்களுக்குக் கொடுத்த வாக்கை மகள் காப்பாற்றினார்.

மறுபடியும் 'தொடரும்'

காசிமேட்டில் பஸ் நின்றது. வீடு வந்ததும் ஆயா நேரே அலமாரிக்குப் போனார். கதையின் ஐந்து பாகங்களும் அங்கே இருந்தன. மகன் வாங்கிக் கொடுத்தவை. ஆனால் இப்போது ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. ஐந்தாம் பாகத்தை எடுத்துப் பேத்தியிடம் நீட்டினார்.

"பூங்குழலி வர்ற இடமாப் பார்த்துப் படி, கண்ணு."

பேத்தி படித்தாள். முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு வேகம் வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் நின்று கேட்டான்.

மணி பத்து ஆயிற்று. பேத்தி புத்தகத்தை மூடினாள். "மிச்சம் நாளைக்கு, ஆயா."

"அப்போ ஒரு வாரம் காத்திருந்தேன், நாளைக்கு வரைக்கும் இருக்க மாட்டேனா?" என்றார் ஆயா. படுத்த பிறகு மறுபடி எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னும் ஒரே ஒரு பக்கம் படியேன்!"