பதில் கேட்காத விசாரிப்பு

நெடுநாள் பேசாத ஒருவருக்கு ‘எப்படி இருக்கீங்க?’ என்று இரண்டு வரி எழுதப் பலரும் தயங்குகிறார்கள். தொந்தரவாக இருக்குமோ, ஏதோ காரியம் ஆகவேண்டி வந்திருப்பதாக நினைப்பாரோ என்ற யோசனை. மரியாதையில் பிறக்கும் தயக்கம்தான். ஆனால் அதன் கணக்கு பெரும்பாலும் தப்பு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியூவும் சக ஆய்வாளர்களும் 5,900க்கும் மேற்பட்டோரிடம் 13 சோதனைகள் நடத்தி 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். பெறுகிறவர் எவ்வளவு மகிழ்வார் என்று அனுப்பியவர்கள் மதிப்பிட்டதைவிட, பெற்றவர்களின் மகிழ்ச்சி கூடுதலாகவே இருந்தது. நெருக்கம் குறைந்தவரிடமிருந்து, எதிர்பாராமல் வந்த விசாரிப்பில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அனுப்புகிறவர் தன் தயக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பெறுகிறவருக்கோ, இவர் நம்மை நினைத்திருக்கிறாரே என்ற வியப்புதான் முதலில் எழுகிறது.

இதை அறிந்தால் மட்டும் தயக்கம் விலகிவிடாது. லாரா ஆக்னின், கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் இருவரின் 2024ஆம் ஆண்டு ஆய்வில், பழைய நண்பருக்கு எழுத விருப்பமும் அவருடைய எண்ணும் எழுத நேரமும் இருந்தும், மூன்றில் ஒரு பங்கினர்கூடச் செய்தியை அனுப்பவில்லை. இப்போது தொடர்பில் இருக்கும் நண்பர்களுக்குச் சில நிமிடங்கள் எழுதிப் பழகியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிறகு பழைய நண்பருக்கும் அனுப்பினார்கள்.

பெறுகிறவர் பக்கமும் ஒரு பிழை உண்டு. வேலை நேரத்துக்குப் பின் வரும் அவசரமில்லாத மின்னஞ்சலுக்கு, அனுப்பியவர் எதிர்பார்ப்பதைவிட வேகமாகப் பதில் தரவேண்டும் என்று பெறுகிறவர்கள் எண்ணிக்கொள்வதை லாரா ஜியர்ஜும் வனெஸ்ஸா போன்ஸும் 2021இல் காட்டினார்கள். அவசரமில்லை என்று ஒரு வரி சேர்த்ததுமே அந்த நெருக்கடி குறைந்தது. அது அலுவலக மின்னஞ்சலைப் பற்றிய ஆய்வு. ஆனால் 2014இல் வாட்ஸ்அப்பில் நீலக் குறி வந்ததிலிருந்து, படித்ததே பதில் கடனாகிவிட்ட நட்பு வட்டங்களுக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆகவே விசாரிப்பின் நாகரிகம் அனுப்பலாமா, கூடாதா என்பதில் இல்லை; பதில் சொல்லும் பாரத்தை எதிராளியின் தலையில் ஏற்றாமல் எழுதுவதில் இருக்கிறது.

இதற்கு ஆழமான சான்று சான் பிரான்சிஸ்கோவில் கிடைத்தது. மன அழுத்தத்தாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்ந்து, வெளியே வந்தபின் தொடர் சிகிச்சையை ஏற்காத 843 பேரை மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு ஐந்து ஆண்டுகள், ஆண்டுக்கு நான்கு முறையாவது சிறு கடிதம் போனது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், விரும்பினால் எழுதுங்கள் என்ற அளவுதான். அறிவுரையோ கேள்விப் பட்டியலோ கிடையாது. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்தப் பிரிவில் தற்கொலைகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்ததை 2001இல் மோட்டோவும் ஆலன் பாஸ்ட்ரமும் பதிவு செய்தனர். பின்வந்த முடிவுகள் எல்லாம் இவ்வளவு தெளிவானவை அல்ல. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் நச்சருந்தி உயிர்பிழைத்தவர்களுக்கு ஓராண்டில் எட்டு அஞ்சலட்டைகள் அனுப்பிய சோதனையில், மீண்டும் முயன்றவர்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை; முயற்சிகளின் மொத்த எண்ணிக்கைதான் ஏறக்குறைய பாதியானது. சிறு செய்தி சிகிச்சைக்கு மாற்று என்று யாரும் இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது.

அப்படியானால் தினமும் குழுவில் வந்து விழும் ‘காலை வணக்கம்’ படங்களும் நல்லவைதானே என்று கேட்கலாம். அனுப்புகிறவரின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் லியூ குழு கண்ட மகிழ்ச்சி எதிர்பாராமையில் விளைந்தது. நாள்தோறும் எல்லோருக்கும் போவதில் அது இருக்காது. ‘உங்க ஊர்ல மழைன்னு கேள்விப்பட்டேன், ஞாபகம் வந்தது, பதில் போடணும்னு இல்லை’ என்பது ஒருவருக்கே உரியது. விசாரித்த கையோடு உதவி கேட்பது மட்டும் கூடாது. அடுத்த முறை உண்மையான விசாரிப்பும் சந்தேகத்தோடு படிக்கப்படும். உதவி வேண்டுமென்றால் முதல் வரியிலேயே கேட்டுவிடலாம்.