கட்டில் கம்பியில் இருப்பது எந்த வைரஸ்?

கொரோனா விட்டுச்சென்ற அரைப் பாடம்

2020ஆம் ஆண்டில் பால் பாக்கெட்டைக்கூடச் சோப்பு நீரில் கழுவித்தான் வீட்டுக்குள் எடுத்துச் சென்றோம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் கொரோனா வைரஸ் 72 மணி நேரம் வரை தொற்றும் திறனோடு இருப்பதாக அந்த மார்ச்சில் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. பிறகு காற்று திசைமாறியது. ஆய்வகத்தில் தடவிய வைரஸின் அளவு நோயாளி இருமித் தெறிப்பதைவிட மிகமிக அதிகம் என்று நுண்ணுயிரியலாளர் இமானுவேல் கோல்ட்மன் அதே ஆண்டு ஜூலையில் சுட்டிக்காட்டினார். 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், வைரஸ் படிந்த ஒரு பரப்பைத் தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது. இந்த மதிப்பீட்டில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு வைரஸைப் பற்றிய இந்தத் தீர்ப்பு, ‘மேசையும் கைப்பிடியும் யாருக்கும் நோய் தருவதில்லை’ என்ற பொது நம்பிக்கையாக மாறி மருத்துவமனைக்குள்ளும் நுழைந்துவிட்டது. அங்கேதான் சிக்கல். வார்டில் கொரோனா மட்டும் இல்லை. எது எவ்வளவு ஆபத்து என்பதை வைரஸின் தன்மையும், அது படிந்திருக்கும் பொருளும், அதைத் தொடும் கையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

கொழுப்பு உறையும் அதன் விதிவிலக்கும்

கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான உறை உண்டு. சோப்பும் ஆல்கஹாலும் அதைக் கரைத்துவிடும். உறை போனால் வைரஸும் செயலிழக்கும். கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும் நோரோ வைரஸுக்கும், நாம் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லும் கண்நோயைப் பரப்பும் அடினோ வைரஸுக்கும் அப்படி உறை கிடையாது. அதனால் ஆல்கஹால் சானிடைசருக்கு அவை எளிதில் மசிவதில்லை. நோரோ வைரஸில் மிகச் சில துகள்களே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும். உலர்ந்த பிளாஸ்டிக்கில் அடினோ வைரஸ் ஒரு மாதத்துக்கும் மேல் தாக்குப்பிடித்ததை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கண் அழுத்தத்தை அளக்கும் டோனோமீட்டரின் முனை ஒவ்வொரு நோயாளியின் கருவிழியையும் நேராகத் தொடுகிறது என்பதை இதோடு சேர்த்து யோசித்தால், கண் மருத்துவமனைகளே இந்நோயைப் பரப்பிய நிகழ்வுகள் மருத்துவ வரலாற்றில் திரும்பத் திரும்ப வருவது ஏன் என்று புரியும்.

இந்த விதியை அப்படியே பிடித்துக்கொள்ளவும் கூடாது. ஹெப்படைடிஸ் பி வைரஸுக்கு உறை உண்டு. ஆனாலும் காய்ந்த ரத்தத்தில் அது ஒரு வாரமாவது தொற்றும் திறனோடு இருக்கும். கண்ணுக்கே தெரியாத அளவு ரத்தக்கறை போதும்.

‘பஞ்சில் ஒட்டினால் நோய் வந்துவிடுமா?’

ஐயப்படுவோர் கேட்கும் நியாயமான கேள்வி இது. பஞ்சுக்குச்சியால் துடைத்துப் பிசிஆர் சோதனை செய்தால் வைரஸின் மரபணுத் துணுக்கு கிடைக்கும். அது உயிர்ப்புள்ள வைரஸ்தான் என்பதற்கு உறுதி இல்லை. லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், செடிகளைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் மரபணுவைச் செயற்கையாகத் தயாரித்து, தனியறை ஒன்றின் கட்டில் கம்பியில் தடவினார்கள். பத்தே மணி நேரத்தில் வார்டெங்கும் சோதித்த இடங்களில் 41 சதவீதத்தில் அது தென்பட்டது. 2020இல் வெளியான இந்த முடிவு பாதையைக் காட்டுகிறது, நோயைக் காட்டவில்லை. அந்த வரம்பை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நோயையே காட்டிய சோதனையும் உண்டு. சிசுக்களின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸ் எப்படிப் பரவுகிறது என்று கரோலின் ஹால் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1981இல் ஆராய்ந்தார். தன்னார்வலர்களில் ஒரு பிரிவினர் நோயுற்ற குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார்கள். இன்னொரு பிரிவினர் குழந்தை இல்லாத நேரத்தில் அந்த அறைக்குள் போய்ப் பொருட்களை மட்டும் தொட்டு, அதே கையால் தங்கள் மூக்கையோ கண்ணையோ தொட்டுக்கொண்டார்கள். மூன்றாம் பிரிவினர் குழந்தையிடமிருந்து ஆறடிக்கு அப்பால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சிய 7 பேரில் 5 பேருக்கும், பொருட்களைத் தொட்ட 10 பேரில் 4 பேருக்கும் தொற்று வந்தது. உட்கார்ந்திருந்த 14 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. சிறிய ஆய்வுதான். வேண்டுமென்றே மூக்கைத் தொடச் சொன்னது செயற்கையானது என்றும் வாதிடலாம். ஆனால் நாள் முழுக்கத் தம்மை அறியாமல் முகத்தைத் தொடாத மனிதர் யார்?

டயாலிசிஸ் அறை சொல்லும் சான்று

என்னைப் பொறுத்தவரை வலுவான சாட்சி ஆய்வகத்தில் இல்லை, டயாலிசிஸ் பிரிவுகளில் இருக்கிறது. 1970களில் அமெரிக்காவில் ஹெப்படைடிஸ் பி அங்கே பெரும் தொல்லையாக இருந்தது. கத்தரிக்கோல், இடுக்கி, இயந்திரத்தின் திருகு, கதவுக் கைப்பிடி என எல்லாவற்றிலும் அதன் தடயம் கிடைத்தது. தொற்றுள்ளவர்களுக்குத் தனி இயந்திரம், தனிக் கருவிகள், பரப்புகளை முறையாகத் துடைத்தல், கையுறை மாற்றுதல் ஆகியவற்றை 1977இல் பரிந்துரைத்தார்கள். நோயாளிகளிடையே ஆண்டுக்கு 3 சதவீதமாக இருந்த புதிய தொற்று 1980க்குள் 1 சதவீதமாகக் குறைந்தது. தடுப்பூசி புழக்கத்துக்கு வந்ததோ 1982இல். இந்த நடவடிக்கைகளில் துடைப்பதன் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பரப்புக்குப் பங்கே இல்லை என்று சொல்லவும் முடியாது.

வாசனையால் வைரஸ் சாகாது

கையைக் கழுவினால் போதாதா என்று கேட்பவர்கள் பாதி சரி. வைரஸைக் கட்டிலிலிருந்து மூக்குக்குக் கொண்டுபோவது கைதான். ஆனால் ஒவ்வொரு தொடுதலுக்கும் பிறகு ஒருவர் தவறாமல் கை கழுவுவார் என்று நம்பி வார்டை நடத்த முடியாது. நோரோ வைரஸ் பரவும் வார்டில் சானிடைசரை மட்டும் நம்பினாலும் ஆகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும்.

பரப்புக்கு ஹைப்போகுளோரைட் கரைசல் நல்ல ஆயுதம். பொதுவாக 0.1 சதவீதம், ரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அழுக்கையும் சளியையும் முதலில் துடைத்தெடுக்காவிட்டால் குளோரின் அவற்றிலேயே தீர்ந்துபோகும். ஊற்றியதும் துடைத்தால் பயனில்லை, குறிப்பிட்ட நிமிடங்கள் பரப்பு ஈரமாக இருக்க வேண்டும். நேற்றுக் கலக்கி வெயிலில் வைத்த வாளிக்கு வீரியம் குறைவு. உலோகத்தை அரிக்கும், மூச்சை எரிக்கும் என்ற ஆட்சேபமும் உண்மையே. அதனால்தான் அதை எல்லா இடத்திலும் கொட்டாமல் தேவையான இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறேன். புகைபோல மருந்து பீய்ச்சுவது கண்ணுக்கு நிறைவைத் தரும். பரப்புகளுக்கு அதை வழக்கமாகச் செய்வதை உலக சுகாதார நிறுவனம் 2020இலேயே பரிந்துரைக்க மறுத்துவிட்டது. பினாயில் மணக்கும் தரை இன்னும் பயனற்ற ஆறுதல். நோயாளியின் கை அதிகம் படுவது தரையில் இல்லையே.

துடைக்கப்படாமல் விடுபடுபவை எவை என்பதும் தெரிந்ததுதான். புற ஊதா வெளிச்சத்தில் மட்டும் தெரியும் திரவத்தால் ரகசியமாகக் குறியிட்டு 23 அமெரிக்க மருத்துவமனைகளில் சோதித்தபோது, நோயாளி வீடு திரும்பியபின் துடைத்திருக்க வேண்டிய பரப்புகளில் ஏறக்குறைய பாதியே துடைக்கப்பட்டிருந்தது. மின்விசைப் பொத்தானும் கதவுக் குமிழும் கழிப்பறைக் கைப்பிடியும் அதிகம் விடுபட்டவை. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை, சலைன் ஸ்டாண்டு, சக்கர நாற்காலி போன்றவை கட்டிலுக்குக் கட்டில் போகும். அவற்றைத் துடைப்பது செவிலியரின் வேலை என்று தூய்மைப் பணியாளரும், அவருடைய வேலை என்று செவிலியரும் நினைத்தால் இரண்டு பேருமே துடைப்பதில்லை. எந்தப் பொருளை யார், எதனால், எத்தனை நிமிடம் துடைப்பது என்று எழுதி வார்டில் ஒட்டுவதற்குச் செலவு ஒரு தாள்தான். அதைச் செய்யப்போகிற ஒப்பந்தப் பணியாளருக்குப் பயிற்சியும் கையுறையும் தடுப்பூசியும் தருவதற்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். புகை பீய்ச்சும் இயந்திரம் வாங்க வைத்திருக்கும் பணத்தை இதற்குத் திருப்பிவிடலாம்.